நிறுத்தச் சொன்னவருக்கு என்ன ஆனது? மென்பொருள் குழுக்களை வழிநடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் குழுக்களை நடத்தும் இயக்குநர்கள், துறைத் தலைவர்கள், டெலிவரி மேனேஜர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

அடுத்த மாற்றத்தை நீங்கள் அறிவிக்கப்போகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது வந்தே தீரும். சிறு தவணைகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் வந்தது, எழுதுவோரையும் இயக்குவோரையும் சேர்க்கும் டெவ்ஆப்ஸ் வந்தது, சோதனையை முன்னால் இழுக்கும் ஷிஃப்ட்-லெஃப்ட் வந்தது, மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர்களை அதை எழுதும் டெவலப்பர் குழுக்களுக்குள் கரைக்கும் யோசனை வந்தது. இப்போது ஏஐ எழுதும் கோட் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கூட்டம், ஸ்லைடுகள், ஓர் ஆலோசகர், பளபளவென்று ஒரு டாஷ்போர்டு. பழைய குழுக்களுக்குப் புதுப் பெயர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மென்பொருளைப் பயனர்களுக்கு வெளியிடும் ரிலீஸ் இரவு பழையபடியே எல்லோரையும் வியர்க்க வைத்துக்கொண்டிருக்கும்.

நான் டெஸ்டராகத் தொடங்கி, தரப் பொறுப்பில் பல குழுக்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட மாற்றங்களில் சிலவற்றை முன்னின்று நடத்தியும் இருக்கிறேன். மாற்றமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேலே சொன்ன யோசனைகளில் பெரும்பாலானவை நல்லவை. நான் கேட்பது ஒன்றுதான். "இந்த ரிலீஸ் போகக்கூடாது" என்று ஒருவர் சொல்லும் நாளில் அவருக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் மாற்றுங்கள். கருவிகளையும் நடைமுறைகளையும் அப்புறம் மாற்றலாம்.

ஏன் இதை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்கு, மென்பொருளே இல்லாத ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மிக மோசமானது என்று பெயரெடுத்த ஆலை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். வேலைநிறுத்தம், புகார், வேலை நேரத்தில் குடி எல்லாம் உண்டு. 1982இல் அதை மூடிவிட்டார்கள். 1984இல் அதே கட்டடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஆட்களைப் பெரும்பாலும் பழைய தொழிலாளர்களிலிருந்தே எடுத்தார்கள். தொழிற்சங்கமும் அதேதான். கொஞ்ச காலத்திலேயே வேலைக்கு வராதோர் விகிதம் இரண்டு சதவீதத்துக்கு இறங்கியது. அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளைத் தாண்டியது.

பழைய ஆலையில் ஒரே ஒரு விதிதான் புனிதம்: என்ன ஆனாலும் உற்பத்தி லைன் நிற்கக்கூடாது. கதவு சரியாகப் பொருந்தவில்லையா, போகட்டும், பின்னால் சரிசெய்துகொள்ளலாம். புதிய ஆலையில் தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். சந்தேகம் வந்தால் இழு. இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார், சேர்ந்து சரிசெய்வார்கள். கொடுக்கப்பட்ட நேரத்துக்குள் முடியவில்லை என்றால் லைன் நின்றுவிடும். சரி, இதில் என்ன ரகசியம்? கயிறு யார் வேண்டுமானாலும் வாங்கிக் கட்டலாம். இழுத்தவரிடம் ஓடி வருகிற ஆள் "என்ன பிரச்சினை, காட்டு" என்று கேட்கிறாரா, "ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்கிறாரா என்பதைத்தான் வாங்க முடியாது. குழுத் தலைவர்களையும் மற்றவர்களையுமாக நூற்றுக்கணக்கானவர்களை டொயோட்டா ஜப்பானுக்கே அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தது இந்த ஒரு கேள்வியைப் பழக்கத்தான் என்று எனக்குத் தோன்றும். டொயோட்டாவோடு சேர்ந்து நடத்திய ஆலையில் இத்தனையையும் நேரில் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ், அதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் திணறியது.

நம் தொழிலில் கயிறுக்குப் பஞ்சமே இல்லை. கோடைச் சேர்த்துத் தொகுக்கும் பில்ட் உடைந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவில் ஒருவர் மறுத்தால், கோடைச் சேர்க்கும் மெர்ஜ் பட்டன் அமுங்காது. டெஸ்டரின் ஒப்புதல் (சைன்-ஆஃப்) இல்லாமல் ரிலீஸ் போகாது என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் ரிலீஸுக்கு முந்தைய நாள் மாலை ஒரு டெஸ்டர் "பணம் இரண்டு முறை கழிகிறது, எப்போதாவதுதான் வருகிறது, ஆனால் வருகிறது" என்று சொன்னால் என்ன நடக்கிறது? பதினைந்து பேர் இருக்கும் தொலைபேசிக் கூட்டம் (கால்) ஒன்றில் அவரைச் சேர்ப்பார்கள். "எத்தனை முறைக்கு ஒருமுறை?" "உன் என்விரான்மென்ட்டில் மட்டும் வருகிறதா?" "இதை ஏன் போன வாரமே சொல்லவில்லை?" இவை மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். அவற்றைக் கேட்கிற தொனிதான் நியாயமில்லாதது. கடைசியில் ஒருவர் "ரிஸ்க்கை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். ரிலீஸ் போகும். இரவு இரண்டு மணிக்குப் போன் அடிப்பது என்னவோ ரிஸ்க் எடுத்தவர் வீட்டில் அல்ல.

அந்தக் காலில் இருந்த பதினைந்து பேரும் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். உங்கள் ஸ்லைடில் "தரம் நம் எல்லோருடைய பொறுப்பு" என்று எழுதியிருந்தது அவர்களுக்கு இனி ஒரு பொருட்டே இல்லை.

எச்சரிக்கை இருந்தும் நிறுத்த ஆள் இல்லாமல் போனால் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்குப் பதிவான சாட்சி ஒன்று இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1. நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்றுக்காகத் தன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளை மாற்றியிருந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் புதிய கோட் போனது. ஒன்றில் போடவில்லை. அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. சரிபார்க்கவேண்டும் என்று எழுத்தில் ஒரு நடைமுறையும் இல்லை. விடுபட்ட அந்த ஒரு சர்வரில், 2003க்குப் பிறகு யாருமே பயன்படுத்தாத பழைய கோட் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய வசதிக்காக மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஃப்ளாக் (ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச்), முன்பு அந்தப் பழைய கோடை எழுப்புவதற்காக இருந்த அதே ஃப்ளாக். சந்தை திறந்ததும் அது எழுந்தது. 45 நிமிடங்களில் 154 பங்குகளில் நாற்பது லட்சம் வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கதையை, சர்வர்களில் கோடைப் போடும் டிப்ளாய்மென்ட்டை ஆட்டோமேட் செய்யவேண்டும் என்பதற்கான பாடமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். என்னை உறுத்துவது வேறு. அன்று காலை எட்டு மணியிலிருந்தே, அதாவது சந்தை திறக்க ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே, அந்த நிறுவனத்தின் கணினிகள் ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்களை அனுப்பின. அந்தப் பழைய கோடின் பெயரையே சொல்லிப் பிழை என்றன. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் 2013இல் வெளியிட்ட ஆணையில் இது இருக்கிறது. அவற்றை எச்சரிக்கை மணியாக யாரும் வடிவமைக்கவில்லை, வந்தபோது யாரும் பொருட்படுத்தவும் இல்லை. சிக்கல் வெடித்த பிறகு, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த ஏழிலும் பழைய கோட் எழுந்து நிலைமை இன்னும் மோசமானது. கருவி சிவப்பைக் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஆணையை ஒருமுறை படிக்கலாம். சிவப்பைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்ற துணிவு யாரிடம் இருந்தது, அதை யார் கொடுத்திருந்தார்கள் என்பதே அங்கே கேள்வி.

இப்போது உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருவோம்: எண்கள்.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். நேர்மாறாக, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. நல்ல குழு அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததை வாய்விட்டுச் சொன்னது. மற்ற குழுக்களில் தவறுகள் மேசைக்கு அடியில் போயின. உளவியல் பாதுகாப்பு (பயமில்லாமல் பேசலாம் என்ற நம்பிக்கை) என்று இன்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் ஓதப்படுவது அவர் அதிலிருந்து வளர்த்தெடுத்து 1999இல் எழுதியதுதான்.

இதை அப்படியே உங்கள் டாஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தால் முதல் சில மாதங்களில் பதிவாகும் பக்குகளின் (மென்பொருள் பிழைகளின்) எண்ணிக்கை ஏறும். ஏறத்தான் வேண்டும். இதுவரை எக்செல் மூலையிலும் டெவலப்பரிடம் வாய்ச்சொல்லாகவும் கிடந்தவை எல்லாம் வெளியே வருகின்றன. அந்த நேரம் பார்த்து நீங்கள் "ஏன் பக்குகள் கூடிவிட்டன?" என்று மாதாந்திரக் கூட்டத்தில் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அடுத்த மாதம் குறைந்துவிடும். எப்படிக் குறைந்தது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நாங்களும் சொல்லமாட்டோம்.

சரி, இங்கே சொல்லிவிடுகிறேன். பக்குகளை எண்ணி டெஸ்டரின் அப்ரைசலை எழுதினால், ஒரு பக் ஐந்தாகப் பிரிக்கப்பட்டுப் பதிவாகும்: ஸ்பெல்லிங்குக்கு ஒன்று, அலைன்மென்ட்டுக்கு ஒன்று. அதே பக்குகளை எண்ணி டெவலப்பரின் அப்ரைசலையும் எழுதினால், "மீண்டும் வரவில்லை", "இது இப்படித்தான் வடிவமைக்கப்பட்டது" என்ற பதில்களோடு டிக்கெட்டுகள் திரும்பி வரும். பாதி நாள் சிவியரிட்டி, அதாவது பிழை எவ்வளவு தீவிரமானது என்பது பற்றிய பஞ்சாயத்தில் போகும். டெஸ்ட்டுகள் கோடில் எவ்வளவைத் தொடுகின்றன என்ற கவரேஜ் 80 சதவீதம் வேண்டும் என்று கேட்டால் 80 சதவீதம் கிடைக்கும். ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு எதையும் சரிபார்க்காமல் திரும்பிவரும் டெஸ்ட்டுகளால் அதைச் செய்வது மிகச் சுலபம். விடையைச் சரிபார்க்கும் வரி (அசெர்ட்) இல்லாத டெஸ்ட் எப்போதும் பச்சைதான். ஆட்டோமேஷனில் இத்தனை டெஸ்ட் கேஸ் என்று எண்ணிக்கை கேட்டீர்கள் என்றால், ஒரே லாகின் திரை நூறு விதமாகச் சோதிக்கப்படும். பணம் இரண்டு முறை கழிகிற இடத்தை யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் அதை ஆட்டோமேட் செய்வது கடினம். இதையெல்லாம் செய்பவர்கள் மோசக்காரர்கள் அல்ல. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இலேயே பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது: கட்டுப்படுத்துவதற்காக அழுத்தம் கொடுத்த அளவுகோல், அளவுகோலாக இருப்பதை விட்டுவிடும்.

எண்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதிப் பதிவுசெய்த (கமிட் ஆன) மாற்றம், பயனர்கள் பயன்படுத்தும் இடமான ப்ரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை முறை வெளியிடுகிறோம், வெளியிட்டதில் எத்தனை உடைகிறது, உடைந்ததை எழுப்ப எவ்வளவு நேரம் என்று மென்பொருள் குழுக்களின் செயல்திறனை ஆராயும் டோரா ஆய்வுக் குழு பிரபலப்படுத்திய நான்கும் உருப்படியானவை. வேகத்தையும் நிலைத்தன்மையையும் சேர்த்தே பார்க்கச் சொல்வதுதான் அவற்றின் அழகு. ஆனால் அவை ஒரு குழு தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் எண்கள். எந்தக் குழு முதலிடம் என்று தரவரிசைப் பட்டியல் போட்ட அன்றே அவையும் கெட்டுவிடும்.

அடுத்து, டெஸ்டர்கள். எட்வர்ட்ஸ் டெமிங் என்ற தர அறிஞர் நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகளை வகுத்தார். மூன்றாவது, தரத்துக்காகக் கடைசிப் பரிசோதனையை நம்பியிருப்பதை நிறுத்துங்கள் என்பது. எட்டாவது, பயத்தை வெளியேற்றுங்கள் என்பது. நம் தொழில் மூன்றாவதை ஆவலோடு பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அதில் ஆட்குறைப்புக்கு இடம் இருந்தது. எட்டாவதில் அப்படி எதுவும் இல்லை.

ஷிஃப்ட்-லெஃப்ட் என்றால் டெஸ்டிங்கை முன்னால் கொண்டுவருவது. நடைமுறையில் பல இடங்களில் அது டெஸ்டரை வெளியே கொண்டுபோவதாக முடிந்திருக்கிறது. கோடின் சிறு பகுதிகளைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டை டெவலப்பரே எழுதவேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கோட் எழுதியவருக்குத்தான் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் நல்ல டெஸ்டர் செய்வது வேறு வேலை. ஒரு புதிய வசதியைப் பற்றிப் பேசும் முதல் கூட்டத்திலேயே அவர் கேட்பார்: "பயனர் இதைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு போனில் திறந்தால்?" "இதே வேலை இரண்டு பேர் கையில் ஒரே நேரத்தில் போனால்?" "கட்டணம் போய்விட்டது, பதில் வரவில்லை என்றால் திரையில் என்ன காட்டுவோம்?" மூன்றாவது கேள்விக்கு அந்த அறையில் யாரிடமும் பதில் இருக்காது. அந்த அமைதிதான் ஷிஃப்ட்-லெஃப்ட். ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்பே ஒரு பக் செத்துவிட்டது. எந்த டாஷ்போர்டிலும் அது எண்ணாக வராது என்பதால், அந்த ஆள் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிவதில்லை. அடுத்த சீரமைப்பில் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது.

ஆகவே டெஸ்டர்களை டெவலப்பர் குழுவுக்குள் சேர்க்கப்போகிறீர்கள் என்றால், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அவர்களை அரைகுறை டெவலப்பர்களாக எடைபோடாதீர்கள். ஆட்டோமேஷன் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள அலுவலக நேரத்தில் இடம் கொடுங்கள், சனிக்கிழமையில் அல்ல. எல்லோரும் ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆகவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மென்பொருள் பயன்படும் துறையைத் (டொமைனை) தலைகீழாக அறிந்த ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதும் டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்தாலே இருவருக்கும் லாபம்.

மாற்றத்துக்கு நேரம் எடுக்கும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வது. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. புது நடைமுறை வரும், பழைய டெட்லைனும் இருக்கும். டெஸ்ட்டை முதலில் எழுதப் பழகும் குழு ஆரம்பத்தில் மெதுவாகத்தான் போகும். அதுவரை டெஸ்ட்டே இல்லாமல் வளர்ந்த கோட் என்றால் இன்னும் மெதுவாக. பழைய கோட் டெஸ்ட்டுக்கு வசதியாக எழுதப்பட்டிருக்காது. டேட்டாபேஸ், தேதி, வெளி சேவை எல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் பின்னிக் கிடக்கும். முதலில் அது இப்போது என்ன செய்கிறதோ, தவறோடு சேர்த்து, அதை அப்படியே பதிவுசெய்யும் டெஸ்ட்டுகளை எழுதவேண்டும். அப்புறம்தான் பிரித்து மாற்றமுடியும். இந்த வேலை நடக்கும் வாரங்களில் வெளியே காட்ட ஒன்றுமே இருக்காது. அந்த வாரங்களில்தான் மேலிடத்துக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும், எங்களிடம் வந்து "எப்போது முடியும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, மேலே போய் "இந்தக் காலாண்டில் இரண்டு வசதிகள் குறையும்" என்று சொல்லவேண்டும். தலைமை என்பதில் பெரும்பகுதி இந்த ஒரு உரையாடல்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. ஒரே சமயத்தில் நான்கைந்து மாற்றங்களைத் தொடங்காதீர்கள். கோடைக் கிளைகளாகப் பிரித்து எழுதும் புதிய முறை, புதிய டிக்கெட் கருவி, புதிய ஆட்டோமேஷன் ஃபிரேம்வொர்க், புதிய குழு அமைப்பு என்று எல்லாமே ஒரே மாதத்தில் வந்தால், ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்றே தெரியாது. எது உதவியது என்றும் தெரியாது. சில நேரம் எட்டிப் பிடிக்கவேண்டிய மாற்றம் மிகச் சிறியதாக இருக்கும். காரணமே இல்லாமல் சில நாள் பாஸாகி சில நாள் ஃபெயிலாகும் ஃபிளேக்கி டெஸ்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னொரு முறை ஓட்டு, பச்சையாகிவிடும்" என்று ஒரு குழு பழகிவிட்டால், உண்மையான சிவப்பு வரும்போதும் அதையேதான் செய்யும். அந்த டெஸ்ட்டுகளைச் சரிசெய், முடியாவிட்டால் எடுத்து எறி என்று ஒரு மாதம் ஒதுக்கிய தலைவர், புதிய ஃபிரேம்வொர்க் வாங்கிக் கொடுத்தவரைவிட அதிகம் செய்தவர். கைத்தட்டல் கிடைக்காது, அவ்வளவுதான்.

கருவிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எதை வாங்கினாலும் ஓரளவு வேலை செய்யும்.

ஆனால் விதிவிலக்குகளைப் பற்றிப் பேசியாகவேண்டும். ஒவ்வொரு கறாரான நடைமுறைக்கும் பக்கத்தில் ஒரு சந்து வழி உருவாகும். அவசரத் திருத்தம் (ஹாட்ஃபிக்ஸ்) என்றால் ரிவ்யூ வேண்டாம், அமைப்புகளில் மட்டும் செய்யும் கான்ஃபிக் மாற்றம் என்றால் டெஸ்டிங் வேண்டாம், பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எதுவுமே வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் கணினிகள் நீலத் திரையில் நின்றது நினைவிருக்கும். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் அது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. அந்த நிறுவனத்தின் முழு மென்பொருள் வெளியீடுகளுக்குப் படிப்படியான சோதனையும், ஒரு பதிப்பு பின்னால் இருந்துகொள்ளும் வசதியும் இருந்தன. அன்று போனது முழு வெளியீடு அல்ல, புதிய அச்சுறுத்தல்களைக் கண்டுபிடிக்க அவசரமாக அனுப்பும் உள்ளடக்கக் கோப்பு. அது வேறு பாதையில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாதையிலும் சிறிது சிறிதாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். உங்கள் நடைமுறை ஆவணத்தை விட்டுவிடுங்கள். போன மாதம் சந்து வழியில் போனவற்றின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் உண்மையான தர நடைமுறை அதில் இருக்கும்.

நடுவில் இருக்கும் மேனேஜர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் கோபிக்கலாம், பரவாயில்லை. மாற்றத்தைத் தடுப்பவர்கள் என்று எல்லோரும் அவர்களைத்தான் கைகாட்டுவார்கள். அவர்களுடைய இடத்திலிருந்து பாருங்கள். சைன்-ஆஃப் கொடுக்கும் அதிகாரம்தான் அவர்களுடைய பல ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த அடையாளம். "குழுவே முடிவெடுக்கும்" என்று அறிவித்துவிட்டு, ப்ரொடக்‌ஷனில் உடைந்தால் மட்டும் அவர்களைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். அதிகாரம் போய்ப் பொறுப்பு மட்டும் மிஞ்சினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒவ்வொரு முடிவையும் மறைமுகமாகத் தன் கைக்குள் இழுக்கத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய புதிய வேலை என்ன என்பதை முதலில் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், பெரிய கூட்டத்துக்கு முன்பே.

ஏஐ உதவியாளர்கள் பற்றிக் கொஞ்சம். கோட் எழுதும் வேகம் கூடிவிட்டது உண்மைதான். படிக்கும் வேகம் கூடவில்லை. முன்பு இருநூறு வரியாக வந்த ரிவ்யூ இப்போது ஆயிரத்தைத் தாண்டி வருகிறது. எழுதியவரே முழுதாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். டோரா குழுவின் 2024 அறிக்கை, ஏஐ பயன்பாடு கூடியபோது வெளியீடுகளின் நிலைத்தன்மை குறைந்ததைப் பதிவுசெய்தது. ஒரே தடவையில் போகும் மாற்றங்களின் அளவு பெருத்துப்போனது காரணமாக இருக்கலாம் என்றது. கோட் மலைபோல் குவியும்போது "இதை நான் புரிந்துகொள்ளவில்லை, அனுமதிக்கமாட்டேன்" என்று சொல்லும் ரிவ்யூவருக்கு உங்கள் ஆதரவு முன்பைவிட அதிகம் தேவை. அவரைத்தான் இப்போது முட்டுக்கட்டை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றம் என்றாலே சடங்காகிப்போகும் என்று நான் நம்பவில்லை, ஆனால் வரலாறு கொஞ்சம் பயமுறுத்துகிறது. வின்ஸ்டன் ராய்ஸ் என்ற மென்பொருள் அறிஞர் 1970இல், மென்பொருள் வேலையின் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாக இறங்கும் ஒரு படத்தை வரைந்துவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அடியிலேயே எழுதினார். தொழில்துறை படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டது. அதுதான் வாட்டர்ஃபால் ஆனது. 2001 பிப்ரவரியில் பதினேழு பேர் கூடி எழுதிய அஜைல் (சிறு சிறு படிகளாக மென்பொருள் உருவாக்கும் முறை) பிரகடனத்தின் முதல் மதிப்பே கருவிகளையும் நடைமுறைகளையும்விட மனிதர்களையும் அவர்களுடைய உரையாடலையும் மேலாக மதிப்போம் என்பது. அதன் பெயரில் இன்று எவ்வளவு கருவிகள் விற்கின்றன என்று உங்கள் கொள்முதல் துறையைக் கேளுங்கள்.

நன்றாக நடந்ததற்கும் ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். 2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரவில் களைத்துப்போய்த் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். மீட்கப் போனால், வைத்திருந்த ஐந்து பேக்கப், நகலெடுப்பு வழிகளில் ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகலால் பிழைத்தார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போனது. அந்த நிறுவனம் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. நடந்ததை அப்படியே எழுதி வெளியிட்டது. அந்தப் பொறியாளரைப் பலிகொடுக்கவில்லை. ஒருவர் தவறான கட்டளையைத் தட்டினார் என்பதோடு நிற்காமல், பேக்கப் ஏன் ஓடவில்லை, அது ஓடவில்லை என்ற எச்சரிக்கை மின்னஞ்சல் ஏன் யாருக்கும் வந்து சேரவில்லை, பேக்கப்புக்கு ஏன் தனியாக ஒரு பொறுப்பாளர் இல்லை என்று நூல் பிடித்துப் போனார்கள். கோளாறுக்குப் பிறகு நீங்கள் எழுதும் போஸ்ட்மார்ட்டம் ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். "மனிதத் தவறு. சம்பந்தப்பட்டவருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற வரியோடு எத்தனை முடிகின்றன?

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த மாற்றத்தை அறிவிக்கும் மின்னஞ்சலில், என்ன தொடங்கப்போகிறோம் என்பதற்குப் பக்கத்தில் எதை நிறுத்தப்போகிறோம் என்பதையும் எழுதுங்கள்: எந்த அறிக்கை, எந்தக் கூட்டம், எந்த எண். ரிலீஸை நிறுத்தும் உரிமை யாருக்கு என்று பதவிப் பெயரால் அல்ல, ஆட்களின் பெயராலேயே எழுதுங்கள். அதில் கொஞ்ச காலம் முன்பு சேர்ந்த ஒருவரும் இருக்கட்டும். அவர்கள் நிறுத்தியது வீண் பயம் என்று பிறகு தெரிந்தால் அப்ரைசலில் அது ஒரு வரியாகக்கூட வராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீண் பயமாகப் போகும் நிறுத்தங்கள் வரும், நிச்சயமாக வரும். அப்படி முதலாவது வரும் நாளில் நீங்களே அந்தக் காலில் இருங்கள். நிறுத்தியவரிடம் என்ன பார்த்தார் என்று கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், அப்புறம் ரிலீஸை அனுப்புங்கள். வாடிக்கையாளரிடம் ஒரு நாள் தாமதத்துக்கான காரணத்தை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். அதற்குத் தேவையான விவரங்களை நாங்கள் அன்று மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ரிலீஸ் காலில் மியூட்டில் இருக்கும் ஒரு தரப் பொறியாளர்